ஐசிஜி ஒளிர்ந்தால் அங்கே புற்று என்று பொருளில்லை

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். முள் இருப்பது பாதத்தில், வீங்குவது இடுக்கில். பாதத்தின் நிணநீர் எந்த வழியாக வடிகிறது என்பதை அந்த நெறி சொல்லிவிடும். பெருங்குடலுக்கும் இதே கணக்குதான். குடல் சுவரில் முளைத்த புற்றிலிருந்து கழன்று வரும் செல்கள் நிணநீரோடு போய், ரத்தக்குழாய்களை ஒட்டிய கொழுப்புக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் கணுக்களில் தங்குகின்றன. தொடையிடுக்கைத் தொட்டுப் பார்க்கலாம். குடலைத் தாங்கும் மடிப்பின் கொழுப்பில் கொழுப்பாகப் புதைந்து கிடக்கும் நாலைந்து மில்லிமீட்டர்க் கணுவை லேப்ராஸ்கோபி (சிறுதுளை அறுவை) கேமராவில் என்ன உற்றுப் பார்த்தாலும் தெரியாது.

அந்தக் கணுக்களைத் திரையில் ஒளிரவைப்பதுதான் ஐசிஜி எனப்படும் இண்டோசயனின் கிரீன் சாயத்தின் வேலை. இருட்டில் மின்மினி மாதிரி கணுக்கள் பளிச்சிடும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்கு ஒரு தவறான எண்ணம் ஒட்டிக்கொள்கிறது: ஒளிர்வது புற்று, ஒளிராதது நல்லது. இரண்டு பாதியுமே தப்பு. சாயத்துக்குப் புற்றுச் செல்லை அடையாளம் தெரியாது. ஊசி போட்ட இடத்திலிருந்து நிணநீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும், அவ்வளவுதான். இதை மனதில் வைத்துக்கொண்டால் எப்போது இந்த வெளிச்சத்தை நம்பலாம், எப்போது கூடாது என்பது தானாகப் புரியும்.

கணுக்களுக்கு ஏன் இத்தனை மெனக்கெடு? பெருங்குடல் புற்றில் அடுத்த சிகிச்சையை முடிவு செய்வதே அவைதான். ஒரு கணுவில் புற்று இருந்தாலும் நோய் மூன்றாம் நிலைக்குப் போகிறது, பொதுவாகக் கீமோதெரபி பேச்சு வருகிறது. ஒன்று முதல் மூன்று கணு வரை புற்று இருந்தால் என்1, நான்கும் அதற்கு மேலும் என்2. நோயியல் மருத்துவர் குறைந்தது 12 கணுக்களையாவது பார்த்திருக்க வேண்டும் என்பது உலகெங்கும் ஒத்துக்கொண்ட எல்லை. ஏழு கணுக்களைப் பார்த்து "புற்று இல்லை" என்று வரும் அறிக்கையில் முழு நம்பிக்கை வைக்க முடியாது.

எடுப்பதிலும் அளவு உண்டு. ஜப்பானியர்கள் கணுக்களை மூன்று படியாகப் பிரிப்பார்கள்: குடலை ஒட்டியவை, ரத்தக்குழாயின் நடுவழியில் இருப்பவை, குழாய் கிளம்பும் அடிவாரத்தில் இருப்பவை. இரண்டாம் படிவரை எடுத்தால் டி2, மூன்றாம் படிவரை எடுத்தால் டி3. ஜெர்மனியின் எர்லாங்கனில் ஹோஹன்பெர்கர் குழு 2009-ல் எழுதிய முழு மீசோகோலன் (பெருங்குடலைத் தாங்கும் மடிப்பு) நீக்கமும் ஏறத்தாழ அதே ஊருக்குப் போகும் வேறு சாலை. உறையைக் கிழிக்காமல் மடிப்பை முழுசாக எடு, குழாயை அடிவாரத்தில் கட்டு. அடிவாரம் எங்கே என்று உடற்கூறு சொல்லும். பக்கவாட்டில் எதுவரை என்பதில்தான் ஆளுக்கு ஆள் நிணநீர் மாறுகிறது. ஐசிஜிக்கு வேலை வருவது அங்கே.

சாயம் ஒன்றும் புதிதல்ல. 1950-களில் கோடாக்கின் புகைப்பட ஆய்வுக்கூடத்தில் பிறந்து, இதயம் வெளியேற்றும் ரத்தத்தை அளக்க மேயோ கிளினிக்கில் பயன்பட்டு, 1959-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. நரம்பில் போட்டால் ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு சில நிமிடங்களில் கல்லீரல் வழியாகப் பித்தத்தில் இறங்கிவிடும். 800 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை விழுங்கி, சுமார் 830-ல் திருப்பித் தரும். அந்த அலைநீளத்தை ரத்தமும் நீரும் அதிகம் உறிஞ்சுவதில்லை என்பதால் திசுவுக்குள்ளிருந்து வெளிச்சம் தப்பி வருகிறது. ஆனாலும் ஐந்திலிருந்து பத்து மில்லிமீட்டர் ஆழம்தான், அதற்குமேல் எதிர்பார்க்கக் கூடாது. இன்னொன்று, 830 நானோமீட்டர் மனிதக் கண்ணுக்குத் தெரியாது. திரையில் நாம் பார்க்கும் பச்சை கம்ப்யூட்டர் பூசும் பச்சை. சில கருவிகளில் அதை நீலமாக்கிக்கொள்ளலாம், மஞ்சள் கொழுப்பின் மேல் நீலம் இன்னும் எடுப்பாகத் தெரியும்.

முதல் நாள் மாலை

இந்த முறை தோற்பது பெரும்பாலும் ஆபரேஷன் தியேட்டரில் இல்லை. அதற்கு முந்தைய நாள் எண்டோஸ்கோபி அறையில் போடும் ஊசியிலேயே தோற்றுவிடுகிறது. அதனால் அங்கே கொஞ்சம் நிற்போம்.

குப்பியில் 25 மி.கி. தூள் இருக்கும். 10 மி.லி. ஸ்டெரைல் வாட்டரில் கரைத்தால் மில்லிக்கு 2.5 மி.கி. இங்கே முதல் தவறு நடக்கும், கை பழக்கத்தில் சலைனை உறிஞ்சிவிடுவார்கள். "சிஸ்டர், டிஸ்டில்டு வாட்டர் குடுங்க, சலைன் வேணாம்" என்று வாய்விட்டுச் சொல்வது நல்லது. உப்புநீரில் சாயம் திரண்டுகொள்ளும், ஒளி குறையும். கரைத்ததை ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும், வெளிச்சத்தில் வைக்கக் கூடாது. இதில் சோடியம் அயோடைடு சேர்ந்திருப்பதால் அயோடின் ஒவ்வாமை உண்டா என்று கேட்டுவிட்டுத்தான் குப்பியையே திறக்க வேண்டும்.

எவ்வளவு போடுவது என்பதில் மருத்துவமனைக்கு மருத்துவமனை வேறுபாடு உண்டு. வெளியான ஆய்வுகளில் மொத்த அளவு 1 மி.கி.க்குக் கீழிருந்து 5 மி.கி. வரை அலைகிறது. மேலே சொன்ன கரைசலில் இடத்துக்கு 0.5 மி.லி. வீதம் இரண்டு இடம் என்றால் 2.5 மி.கி. ஆகும். உடல் எடையில் கிலோவுக்கு 2 மி.கி. என்பது உச்சவரம்பு. 60 கிலோ ஆளுக்கு 120 மி.கி. அதனால் பாதுகாப்புப் பிரச்சினை இல்லை, பிரச்சினை கண்கூச்சம்தான். அதிகம் போட்டால் புற்றைச் சுற்றிய கொழுப்பு முழுக்க ஒரே பச்சைக் குழம்பாகி, கணு எது கசிவு எது என்று பிரியாது.

அடர்த்தியான சாயம்தான் அதிகம் ஒளிரும் என்று தோன்றும். நடப்பது தலைகீழ். கரைத்த குப்பியை அப்படியே அகச்சிவப்புக் கேமராவுக்கு முன் பிடித்துப் பாருங்கள், மங்கலாக இருக்கும். அதிலிருந்து ஒரு சொட்டை ஈரமான காஸ் துணியில் விடுங்கள், துணி தீப்பற்றியதுபோல எரியும். அடர்த்தி கூடினால் சாய மூலக்கூறுகள் ஒன்றின் ஒளியை ஒன்று விழுங்கிக்கொள்கின்றன. ஊசி போட்ட மையம் சில நேரம் இருட்டாகவும் சுற்றுவட்டம் பிரகாசமாகவும் தெரிவதற்கு இதுதான் காரணம்.

ஊசி போகவேண்டிய இடம் சளிப்படலத்துக்கு அடியிலுள்ள சப்மியூகோசா. நிணநீர்க் குழாய்கள் அங்கே நிறைய உண்டு. ஊசியைச் சுவருக்குச் செங்குத்தாகக் குத்தினால் சுவரைத் தாண்டி வயிற்றறைக்குள் போய்விடும், மறுநாள் கேமரா உள்ளே போனதும் குடலும் கொழுப்பும் திட்டுத்திட்டாக ஒளிரும். படுக்கைவாக்கில் சரித்துக் குத்த வேண்டும். முதலில் சலைன் அரை முதல் ஒரு மில்லி செலுத்தி, சளிப்படலம் கொப்புளம்போல எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பினால் சரியான தளம். ஊசி முனையை அசைக்காமல் சிரிஞ்சை மட்டும் மாற்றிச் சாயத்தைச் செலுத்த வேண்டும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எண்டோஸ்கோப் ஊசியின் நீண்ட குழாய்க்குள்ளேயே ஏறக்குறைய ஒரு மில்லி அடங்கும், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாய சிரிஞ்சை மாட்டி 0.5 மி.லி. தள்ளினால் ஊசி முனையில் வருவது குழாயில் நின்ற சலைன்தான். சாயம் இன்னும் பாதி வழியில் இருக்கும். போட்டாயிற்று என்று ஊசியை உருவினால் வெளியே வரும் வழியில் அது குடலுக்குள் சொட்டும். எத்தனை மில்லி அடங்கும் என்று முன்கூட்டியே அளந்து, அந்தக் கணக்கைக் கூட்டித் தள்ள வேண்டும். இரண்டாவது இடத்துக்குப் போகும்போது நிலைமை நேர்மாறு: இப்போது குழாய் நிறையச் சாயம், சலைன் கொப்புளம் எழுப்பப் பார்த்தால் முதலில் பாய்வது சாயம்தான். ஊசி தவறான தளத்தில் இருந்தால் போச்சு. இரண்டாவது ஊசிக்குழாய் ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்வதே நிம்மதி. செலவு பார்த்தால், வெளியே எடுத்துச் சலைனால் நன்றாகக் கழுவிவிட்டு மறுபடி நுழைக்கலாம்.

புற்றின் மேலேயே குத்தக் கூடாது, அதன் ஓரத்து நல்ல சளிப்படலத்தில்தான். மேல்பக்கம் ஒன்று, கீழ்பக்கம் ஒன்று. அடைப்புக் கட்டி என்றால் ஸ்கோப் தாண்டாது, கீழ்ப்பக்கம் மட்டும்தான் கிடைக்கும். அந்த வரைபடம் பாதி வரைபடம் என்பதை மறுநாள் மறக்கக் கூடாது. இடம் குறிக்க ஏற்கெனவே கருப்பு மை குத்தியிருந்தால் அதுவும் தொல்லை, கரி அகச்சிவப்பை உறிஞ்சிக்கொள்ளும். குடலை ஊத காற்றுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு பயன்படுத்தினால் மறுநாள் குடல் உப்பிக் கிடக்காது.

ஊசிக்கும் அறுவைக்கும் இடையே பன்னிரண்டு முதல் இருபத்து நான்கு மணி நேரம் பொதுவான பழக்கம். ஐசிஜி சின்ன மூலக்கூறு. மார்பகப் புற்றில் பயன்படும் கதிரியக்கத் துகள் மாதிரி முதல் கணுவில் நங்கூரம் போடாது, தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க நேரம் கொடுத்தால் இரண்டாம் மூன்றாம் படிவரை ஏறியிருக்கும், நமக்கு வேண்டியதும் அந்த முழுப் பாதைதான். ஆனால் ரத்த அழுத்தம் ஏறியிருக்கிறது என்று மயக்க மருத்துவர் அறுவையை நாலைந்து நாள் தள்ளிவைத்தால் வரைபடம் மங்கிப்போகும். புதிதாகத்தான் போட வேண்டும்.

முதல் நாள் வாய்ப்பில்லாதபோது அறுவையின்போதே வெளிப்பக்கமிருந்து, சீரோசா என்ற குடலின் வெளி உறைக்கு அடியில் போடலாம். 25 கேஜ் ஸ்கால்ப் வெயின் ஊசியின் இறக்கைகளை வெட்டிவிட்டு டிரோக்கார் (வயிற்றில் செருகிய குழாய்) வழியாக உள்ளே விடுவார்கள். பத்து நிமிடத்திலேயே பாதை தெரிய ஆரம்பிக்கும், அரைமணி கொடுத்தால் தெளியும். கசிவுதான் இதன் சாபம். ஊசியை உருவும்போது சிரிஞ்சை லேசாகப் பின்னிழுத்துக்கொண்டே உருவ வேண்டும், பக்கத்தில் காஸ் துணி தயாராக இருக்க வேண்டும். ஒரு சொட்டு சிந்தினாலும் புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், கழுவினால் முழுசாகப் போகாது. கட்டி சீரோசாவைக் கிழித்து வெளியே வந்திருந்தால் அதன் பக்கம் ஊசியே கொண்டுபோகாமல் இருப்பது நல்லது.

திரையில்

முதல் பார்வை எதையும் வெட்டுவதற்கு முன்னால். வெட்டிய நிணநீர்க் குழாயிலிருந்து சாயம் கசிய ஆரம்பித்தால் அப்புறம் பார்ப்பதெல்லாம் கலங்கல். குடலை விரித்து, மடிப்பை மெல்ல இழுத்துப் பரப்பி, கேமராவை ஒரே தூரத்தில் நிறுத்திப் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கிட்டே போனால் எல்லாம் வெள்ளையாகப் பொங்கும், தள்ளிப் போனால் மங்கும். தூரம் மாறிக்கொண்டே இருந்தால் இது அதைவிடப் பிரகாசம் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. பருமனானவர்களின் தடித்த மடிப்பில் ஆரம்பத்தில் ஒன்றுமே தெரியாமல் இருக்கலாம். கிராஸ்பர் என்ற பிடிகருவியால் கொழுப்பை அழுத்தி மெலிதாக்கினால் சில கணுக்கள் எட்டிப் பார்க்கும், மற்றவை பிரித்துக்கொண்டு போகப்போகத் தெரியும். திறந்த அறுவை என்றால் மேலே எரியும் தியேட்டர் விளக்கை அணைக்க வேண்டும், அதிலும் அகச்சிவப்பு இருக்கிறது.

கல்லீரல் வளைவில், அதாவது கல்லீரலுக்குக் கீழே பெருங்குடல் திரும்பும் இடத்தில், இருக்கும் கட்டிக்கு ஐசிஜி எதைத் தரும் என்று பார்ப்போம். வழக்கமான வலது ஹெமிகோலெக்டமியில் (பெருங்குடலின் வலப்பாதியை எடுக்கும் அறுவை) இலியோகோலிக் குழாயின் 203, நடுக்குடல் குழாயின் 223 எனப் போகும் ஜப்பானியக் கணு எண்கள் நமக்குத் தெரிந்த பாதை. ஆனால் இந்த இடத்துக் கட்டிகளில் சில நேரம் ஒளிக்கோடு இரைப்பையின் பெருவளைவை நோக்கித் திரும்பும்: இரைப்பையின் கீழ்வாயான பைலோரஸுக்குக் கீழே 206, இரைப்பை-ஓமென்டக் குழாயை ஒட்டி 204. எல்லா நோயாளியிடமும் அந்தக் கணுக்களை எடுப்பது கணையத் தலைப்பக்கம் தேவையில்லாத ரத்தக்கசிவை விலைகொடுத்து வாங்குவது. ஒளிக்கோடு அங்கே ஏறியிருந்தால் எடுக்கக் காரணம் கிடைக்கிறது.

மண்ணீரல் வளைவு இன்னும் சுவாரசியம். இந்த இடத்துக்குப் பாரம்பரியமாகவே இரண்டு முதலாளிகள்: நடுக்குடல் குழாயின் இடது கிளை, இடதுகுடல் குழாய். சிலருக்கு மேல்குடல் தமனியிலிருந்து நேராக வரும் துணை நடுக்குடல் குழாய் மூன்றாவதாகச் சேரும். எந்த அறுவை சரி என்று பாடநூல்களே ஒருமனதாகச் சொல்வதில்லை. நீட்டித்த வலது அறுவையும் செய்வார்கள், இடது ஹெமிகோலெக்டமியும் செய்வார்கள், வளைவை மட்டும் எடுப்பவர்களும் உண்டு. ஒளி ஒரே பக்கம் தெளிவாக ஓடினால் அந்தத் தேர்வுக்கு ஒரு பிடிப்பு கிடைக்கிறது. பெருங்குடலில் இந்தச் சாயத்துக்கு நியாயமான இடம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்லலாம்.

மற்ற இடங்களில் ஒருவழிப்பாதை மாதிரி ஒரு விதி: வெளிச்சத்தை வைத்துக் கோட்டைத் தள்ளிப் போடலாம், இழுத்துச் சுருக்கக் கூடாது. திட்டமிட்ட வெட்டுக்கோட்டுக்கு வெளியே ஒரு கணு ஒளிர்ந்தால் கோட்டை நகர்த்தி அதை உள்ளே எடுத்துக்கொள். உள்ளே ஒன்றும் ஒளிரவில்லை என்பதற்காக டி3-யை டி2 ஆக்காதே. காரணம், புற்றால் முழுசாக அடைபட்ட கணுவுக்குள் நிணநீர் நுழையாது. அது சுற்றுவழி தேடிப் பக்கத்துக் கணுவுக்குப் போகும். ஆக, மிக மோசமான கணுதான் இருட்டாக இருக்கும், பக்கத்தில் ஒன்றுமறியாத கணு ஜொலிக்கும். விரலுக்கோ கருவிக்கோ கெட்டியாகப் படும் கணுவை, வெளிச்சம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எடுத்தே ஆக வேண்டும்.

முதல் கணுவை மட்டும் பார்த்து முடிவு செய்யும் காவல்கணு உத்தி பெருங்குடலில் வேர்விடாமல் போனதும் இதையொட்டித்தான். நீலச் சாயத்தை வைத்து அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து செய்து 2004-ல் வெளியிட்ட ஆய்வில், கணுவில் புற்று இருந்தவர்களில் 54 சதவீதத்தினரிடம் காவல்கணு "சுத்தம்" என்று பொய் சொல்லியிருந்தது. சாயம் பச்சையானதால் அந்த உண்மை மாறிவிடவில்லை.

எதிர்ப்பக்க எச்சரிக்கையும் உண்டு. அடிவாரத்தில் ஒளிர்கிறது என்பதற்காக அங்கே ஓடும் பெரிய ரத்தக்குழாயான மேல்குடல் சிரைமேல் ஆவேசமாக இறங்கவும் கூடாது. வலப்பக்கப் புற்றில் முழு மீசோகோலன் நீக்கத்தையும் டி2-வையும் ஒப்பிட்ட சீனாவின் ரெலார்க் ஆய்வில், அடிவாரக் கணுக்களை எடுத்துப் பரிசோதித்த 394 பேரில் 13 பேருக்கே, அதாவது 3 சதவீதத்தினருக்கே, அங்கே புற்று இருந்தது. அறுவையின்போது ரத்தக்குழாய் காயம் மீசோகோலன் குழுவில் 3 சதவீதம், டி2-வில் 1 சதவீதம். அடிவாரம் ஒளிர்வது நிணநீர் அங்கே போகிறது என்பதற்குச் சான்று. அங்கே போவது இயல்புதானே.

இரைப்பைப் புற்றில் ஐசிஜிக்கு நல்ல சான்று இருக்கிறது. சீனாவின் ஃபூஜியனில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில் சராசரியாக 50.5 கணுக்கள் கிடைத்தன, சாயம் இல்லாத குழுவில் 42.0. அதை அப்படியே குடலுக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் இரைப்பையைச் சுற்றிய கணு வலை எத்தனை சிக்கலானது, பெருங்குடலின் மடிப்பு எத்தனை ஒழுங்கானது என்பதை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வரிசை தப்பினால்

அதே ஐசிஜியை நரம்பில் போட்டு, குடலை இணைக்கும் முன் ரத்த ஓட்டம் பார்ப்பதும் இப்போது வழக்கம். அது வேறு வேலை. கணு வரைபடத்தை முடித்துவிட்டுத்தான் அதற்குப் போக வேண்டும். நரம்பில் போட்ட அடுத்த நிமிடம் குடல், மடிப்பு, கல்லீரல் எல்லாம் ஒளிரும், கணுக்கள் அந்த வெள்ளத்தில் மூழ்கிவிடும். கணு வரைபடத்துக்கான ஊசி போட்ட இடத்தை ஒட்டிய குடலில் ரத்த ஓட்டத்தை மதிப்பிடுவதும் ஆபத்து. அங்கே தெரியும் வெளிச்சம் நேற்றைய வெளிச்சம்.

கட்டியை எடுத்த பிறகு மறக்காமல் ஒருமுறை கேமராவை அகச்சிவப்புக்கு மாற்றி, காலியான படுகையைப் பார்க்க வேண்டும். புள்ளியாக ஏதாவது மிச்சம் ஒளிர்ந்தால் கணுவா, கசிவா என்று கருவி முனையால் தொட்டுப் பார்க்கலாம். கசிவு துடைத்தால் பரவும், கணு இருந்த இடத்திலேயே இருக்கும்.

எடுத்த குடலை உடனே ஃபார்மலினில் முக்கிவிடாமல் பக்கத்து மேசையில் விரித்து, அதே கேமராவில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்வது பயன்தரும். ஒளிர்ந்த கணுக்களில் நூல் கட்டி, வழக்கமான எல்லைக்கு வெளியிலிருந்து எடுத்தவற்றைத் தனி டப்பாவில் போட்டு, டப்பாவின் மேல் இடத்தைத் தெளிவாக எழுத வேண்டும்: "206, பைலோரஸுக்குக் கீழ், ஒளிர்ந்தது". "கூடுதல் கணு" என்று மட்டும் எழுதி அனுப்பினால் நோயியல் அறிக்கையில் அது மொத்த எண்ணிக்கையோடு கரைந்துவிடும். அந்தக் கணுவில் புற்று இருந்ததா, கோட்டை நகர்த்தியதால் ஏதாவது கிடைத்ததா என்ற கேள்விக்கு அப்புறம் யாராலும் பதில் சொல்ல முடியாது.